விதைக்காத தக்காளி

கொள்ளிடத்து மணல் செருப்பையும் மீறிச் சுட்டது. முஜிபுர் ரஹ்மான் ஒரு காலை ஊன்றியதும் மறுகாலைத் தூக்கிக்கொண்டு, கூத்துப் பழகுகிறவன் மாதிரி நடந்தான்.

“அண்ணே, துப்பறியற வேலைன்னா காரு, கூலிங்கிளாஸு, ஓட்டல் மாடின்னு நெனச்சு வந்தேன். இங்க பாத்தா கழுதைதான் நிக்குது.”

“பக்கத்துல போய் நில்லு. அதுங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு” என்றார் சவரிராயன், திரும்பிப் பார்க்காமல்.

சவரிராயன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கி வளர்ந்தவர். பிறகு போலீஸில் சேர்ந்தார். மூட்டை தூக்கிய தோள் சல்யூட் அடிக்க வளையவில்லை. வெளியே வந்து தென்னூரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டினார். பலகைக்குக் கீழே உட்கார்ந்து கீழ்க்கடை போண்டாவைத் தின்பதும், அண்ணன் போகிற இடமெல்லாம் கூடப் போவதும் முஜீபின் உத்தியோகம். முப்பது வயது, ஓயாத வாய். பேசவில்லையென்றால் எதையாவது மென்றுகொண்டிருக்கும்.

இந்தத் தடவை அவர்களை வேலைக்கு வைத்தவர் பேராசிரியர் அற்புதசாமி. மன்னார்புரத்துக்கு அப்பால் செங்கழனி வாய்க்கால் கரையில் புதிதாக முளைத்த பூஞ்சோலை நகருக்கு அவர்தான் சங்கத் தலைவர். வாய்க்கால் மடுவில் மீனெல்லாம் செத்து மிதந்து காலனியே நாறியது. மடுவை ஒட்டிய சலவைத் துறையில், மதுரைவீரன் துவைக்கிற கல்லின் சந்தில் ஒரு பூச்சிமருந்து டப்பா அகப்பட்டது. துறையை எடுத்துவிட்டுப் பூங்கா போடப்போவதாகக் காலனி சொன்னபோது, “நீங்க நல்லாருக்க மாட்டீங்க” என்று அவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. போலீஸுக்கு வேறென்ன வேண்டும்? மதுரைவீரன் லாக்கப்பில் இருந்தான். நாளைக் காலையில் துறைக்கல்லையெல்லாம் பேர்த்தெடுக்க ஆள் வருகிறது. கேஸ் உடைந்துபோகாமல் ஆதாரம் சேர்த்துத் தருவதுதான் சவரிராயனுக்கு இட்ட வேலை.

கோடையில் வாய்க்காலை அடைத்துவிட்டால் துறையில் துவைக்க முடியாது. சலவைக்காரர்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்துக்கு வந்துவிடுவார்கள். மணலில் ஊற்றுப் பறித்து, வாய்க்காலில் மறுபடி தண்ணீர் வருகிற வரைக்கும் அங்கேயே கிடந்து துவைப்பார்கள். மதுரைவீரனின் பெண்டாட்டி பொன்னுத்தாய் அங்கேதான் இருந்தாள். புருஷன் லாக்கப்பில் இருக்கிறான் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கவில்லை. கல்லில் ஒரு போர்வையை ஓங்கி அறைந்துகொண்டிருந்தாள்.

“நீங்கதான் காலனிக்காரங்க வச்ச ஆளா?”

“ஆமாம்மா.”

“அப்ப அங்கயே நில்லுங்க. துணி காயுது, நெழலு விழும்.”

சவரிராயன் இரண்டடி தள்ளி நின்றார். அந்த அதட்டல் அவருக்குப் பிடித்திருந்தது என்பது முஜீபுக்கு அவர் மீசையைப் பார்த்தே தெரிந்தது.

“உங்க வீட்டுக்காரர் வாய்க்கால்ல விஷம் கலந்தாரா?”

“கலந்தாருன்னு எழுதிக் குடுக்கத்தானே வந்திருக்கீங்க? எழுதிக்கங்க. வாய்க்காலை அடைச்ச நாள்லேருந்து நாங்க இந்த மணல்லதான் கெடக்கோம். ரெங்கநாதர் கோயில் மணி கேட்டு முழிக்கிறோம், மணி கேட்டுப் படுக்கிறோம். இங்கேருந்து பஸ்ஸு புடிச்சுப் போயி மீனுக்கு வெஷம் வச்சுட்டு வந்தாராக்கும்? மீனு என்ன எனக்குச் சக்களத்தியா?”

“அந்த டப்பா?”

“நீலம் கரைக்கிற டப்பா. வரப்புல கெடந்ததை எடுத்து, சாம்பல் போட்டு வெளக்கி, வருசக்கணக்கா வச்சிருக்கோம். மேல மண்டையோடு படம் இருக்கு. போலீஸுக்குப் படம்தான் தெரிஞ்சுது.”

“உள்ள நீலமாத்தான் இருந்துச்சு. நானும் பாத்தேன். இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“விஷமும் நீலமா இருக்கும்னாரு.”

“அப்படிப் பாத்தா ஆகாசத்தையும் உள்ள தள்ளணும்ணே” என்றான் முஜீப்.

பொன்னுத்தாய் முதல் தடவையாக அவனைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. ஆனால் போர்வையைப் பிழிந்து நாத்தனாரிடம் எறிந்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“மடுவைப் பாக்கப் போறீங்களா? நானும் வரேன். எங்களைப் பத்தி என்ன எழுதுறீங்கன்னு பக்கத்துல நின்னு பாக்கணும்.”

பஸ் மாறி மன்னார்புரத்தில் இறங்கி வாய்க்கால் கரையில் ஏறியபோது, முஜீபுக்குக் கொள்ளிடத்து மணலே தேவலாம்போல் இருந்தது. வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்தது. மதகுக்குக் கீழே மடு மட்டும் ததும்ப நின்றது. தண்ணீர் என்று சொல்லமுடியாது. கடைந்த கீரையைக் கொட்டி வைத்த மாதிரி கெட்டிப் பச்சை. ஓரத்தில் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன்கள் ஒதுங்கியிருந்தன. காக்கைகள் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தன.

“எத்தனை நாளா இந்தக் காக்காய்க்கு இங்க விருந்து?” என்றார் சவரிராயன்.

“மீன் செத்ததுலேருந்துதாண்ணே இருக்கும். வயிறு எப்படித் தொங்குது பாருங்க. என் மச்சான் கல்யாணத்துல நான் இருந்த மாதிரி.”

“நீயாவது பிரியாணி தின்ன. இது விஷத்துல செத்த மீன். தின்ன காக்கா ஏண்டா சாகல?”

முஜீப் கரையில் செத்த காக்கை ஏதாவது கிடக்கிறதா என்று தேடினான். ஒன்றுகூட இல்லை. 

மடுவின் நடுவில் பாசியைக் கிழித்துக்கொண்டு ஒரு தலை மேலே வந்தது. ‘க்ளக்’ என்று ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு உள்ளே போய்விட்டது.

“விரால்! அண்ணே, நல்ல முழங்கை நீளம்.”

“செத்துக் கெடக்கறதுல விரால் இருக்கா பாரு.”

முஜீப் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக ஒரு சுற்று சுற்றி வந்தான். “அத்தனையும் கெண்டைதாண்ணே. விரால் இல்ல, கெளுத்தி இல்ல.”

“விரால் எது, கெண்டை எதுன்னு விஷத்துக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும். விரால்னா குழம்பு, கெண்டைன்னா முள்ளு.” பிறகு தலையைச் சொறிந்துகொண்டான். “எங்க அத்தா விரால் வாங்கியாந்தா பானைல துளி தண்ணி ஊத்திப் போட்டு வைப்பாருண்ணே. மறுநாளும் உசுரோட கெடக்கும். இப்பப் பாத்தீங்களே, அதே மாதிரி மேல வந்து காத்தை முழுங்கிட்டுப் போகும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது.”

“காத்தை முழுங்கத் தெரிஞ்சது பொழைச்சுக்கிச்சு. தெரியாதது செத்துப்போச்சு.” சவரிராயன் மடுவையே பார்த்தார். “வெயில்ல வாய்க்கால் பூரா வெடிச்சுக் கெடக்கு. இது மட்டும் ஏன் வத்தல?”

பதில் சொல்ல முஜீப் அங்கே இல்லை. காலையிலிருந்து வயிற்றில் ஒன்றுமில்லை. கரைச் சரிவில் செக்கச் செவேலென்று தக்காளி பழுத்துத் தொங்கியது. இரண்டு கையாலும் பறித்து, வேட்டியில் துடைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான்.

“உங்க தோட்டமா?” என்று சவரிராயன் பொன்னுத்தாயிடம் கேட்டார்.

“எங்க சனம் எதுக்குத் தக்காளி போடப்போகுது? எங்களுக்குப் புளிதான். இதை யாரும் போடலைங்க. ரெண்டு மூணு வருசமா அதுவா மொளைக்குது.”

சவரிராயன் குனிந்து பார்த்தார். மடுவுக்குப் பக்கத்தில் செடி இங்கொன்றும் அங்கொன்றும்தான். காலனிப் பக்கமாகப் போகப் போக நெருங்கியது. அவர் செடியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். காலனி மதிலுக்குக் கீழே காட்டாமணக்குப் புதர். அதன்முன் ஒரே தக்காளிக் காடு. புதரை விலக்கினார். முள்ளை வெட்டிப் போட்டு மறைத்திருந்த ஒரு சிமெண்ட் குழாயின் வாய் தெரிந்தது. அதிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்து மடுவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“இது முந்தி ஓடைங்க” என்றாள் பொன்னுத்தாய். “ஆளு ஒசரத்துக்குக் கோரை நிக்கும். பாய் முடையறவங்க வந்து அறுத்துட்டுப் போவாங்க. மேட்டுலேருந்து எந்த அழுக்கு வந்தாலும் கோரையிலயே தங்கிப்போயி, எங்க துறைக்குத் தண்ணி தெளிஞ்சு வரும். லாரி லாரியா செம்மண்ணைக் கொட்டி மூடிட்டு வீட்டைக் கட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தப் பாசி.”

சவரிராயன் ஒரு தக்காளியைப் பறித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நீ எத்தனை தின்ன?”

“எண்ணிட்டா திம்பாங்க?”

“நல்லாருந்துச்சா?”

“சர்க்கரைண்ணே.”

“சரி. போதும், இனிமே திங்காதே.”

“ஏண்ணே?”

“பேராசிரியர் வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்.”

அற்புதசாமி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வாசலில் குரோட்டன்ஸ் தொட்டிகள், கூடத்தில் இருதய ஆண்டவர் படம், அதன்கீழே அணையாத சின்ன விளக்கு. அவர் மனைவி அக்னஸ் காபி கொண்டுவந்தபோது, கேட்டுக்கு வெளியே நின்றவளைப் பார்த்துவிட்டார்.

“இன்னைக்குத் துணி போடலையே, பொன்னுத்தாயி?”

“துணிக்கு வரலைங்க” என்றாள் அவள்.  அந்த வீட்டுத் துணியைத் துவைத்ததெல்லாம் அவளும் அவள் புருஷனும்தான்.

“ஆதாரம் கிடைத்ததா மிஸ்டர் சவரிராயன்?”

“கிடைக்கிற மாதிரிதான் சார் இருக்கு. ஒரு சந்தேகம், அது உங்க பாடம். மீன் செத்த அன்னைக்கு முதல்ல பாத்தது நீங்கதானே?”

“ஆமாம். விடிகிற நேரம் வாக்கிங் போனேன். மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. திரும்பி வருவதற்குள் மல்லாந்துவிட்டது.”

“தண்ணி கெட்டிப் பச்சை. கெண்டை செத்துது, காத்தை முழுங்குற விரால் சாகல. செத்த மீனைத் தின்ன காக்காயும் சாகல. இது என்ன விஷம் சார்?”

பேராசிரியருக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சுவாரஸ்யமான கேள்வி. இது விஷமே இல்லை, மிஸ்டர் சவரிராயன். சாப்பாடு! தண்ணீரில் எரு அதிகமாகச் சேர்ந்தால் பாசி கொழுத்துவிடும். வயலுக்குப் போடுகிற அதே நைட்ரஜன், பாஸ்பரஸ்தான். பகலில் பாசி பிராணவாயு கொடுக்கும். ராத்திரி வெளிச்சம் இல்லை, அதுவே உறிஞ்ச ஆரம்பிக்கும். அடியில் மக்குகிற பாசியும் சேர்ந்து உறிஞ்சும். விடிகிற நேரம் மீனுக்கு மூச்சு மிஞ்சாது. யாரோ ஓயாமல் எருவைக் கொட்டியிருக்கிறார்கள்.” விரலை ஆட்டினார். “கழுதைச் சாணம்! அந்தத் துறையில் கழுதை கட்டுகிறார்கள் அல்லவா?”

“கழுதை எல்லாம் கோடை பிறந்ததுலேருந்து கொள்ளிடத்துல சார். இப்பத்தான் பாத்துட்டு வரோம். ஒண்ணு இவனைப் பாத்துச் சிரிச்சுது.”

“சொந்தம்னு நெனச்சுக்கிச்சு” என்றான் முஜீப்.

“உங்க மதிலுக்குக் கீழே ஒரு குழாய் இருக்கே சார்?”

“அது மழைத்தண்ணீர்க் குழாய். லேஅவுட் போட்ட காண்ட்ராக்டர் பழைய ஓடை இருந்த இடத்திலேயே புதைத்தார்.”

“மழை பெஞ்சு எத்தனை மாசம் ஆச்சு சார்?”

அற்புதசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். 

“ஏங்க, நம்ம காண்ட்ராக்டரைப் பத்திக் கொறை சொல்லாதீங்க” என்று அக்னஸ் குறுக்கே புகுந்தார். “எங்க அக்கா வீட்டுல ஃப்ளஷ் அவுட் கக்கூஸ் தொட்டி ரொம்பி ரொம்பி, ஆளைக் கூப்புட்டு அள்ளியே மாளலை. இங்க குடிவந்து நாலு வருசம் ஆச்சு. எந்த வீட்டுலயாவது தொட்டி ரொம்பியிருக்கா? மூடியை ஒரு தடவை தொறந்திருக்கோமா? அப்படிக் கட்டிக் குடுத்திருக்காரு!”

சவரிராயன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதைக் கொஞ்சம் பாக்கலாங்களா?”

கொல்லைப்புறத்தில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் தொட்டியின் மூடிப்பலகை கிடந்தது. முஜீப் கடப்பாரையைப் போட்டு நெம்பினான். முகம் சிவந்தது, மூடி அசையவில்லை. எப்போது உள்ளே வந்தாளோ, பொன்னுத்தாய் அவன் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினாள். “தள்ளிக்கங்க. தக்காளி தின்ன தெம்பு பத்தலை.” ஒரே நெம்பில் மூடி பெயர்ந்து விலகியது.

அக்னஸ் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக முந்தானையை எடுத்தார். வாடையே இல்லை.

தொட்டியின் அடிவரைக்கும் தெரிந்தது. தரையில் சிமெண்ட் தூசி. மூலையில் ஒரு வெற்றுச் சாக்கு. கொத்தனார் பிடித்துப் போட்ட பீடித்துண்டுகள், அன்றைக்குப் போட்ட மாதிரியே காய்ந்து கிடந்தன. ஒரு சொட்டுகூட அதில் எந்நாளும் விழுந்ததில்லை.

“மெனக்கெட்டு ஒரு தொட்டி கட்டினான் உங்க காண்ட்ராக்டர், பாக்குறவங்களுக்கு” என்றார் சவரிராயன். “கக்கூஸ் குழாயை அதுக்குள்ள சேக்காம நேரா அந்த மழைத்தண்ணிக் குழாய்ல வுட்டான். தொட்டி எப்படிம்மா ரொம்பும்?” சட்டைப்பையிலிருந்து தக்காளியை எடுத்துப் பேராசிரியரின் உள்ளங்கையில் வைத்தார். “கரையெல்லாம் மண்டிக் கெடக்கு. நட்டது யாருன்னு தேடினேன். இதை விதைச்சவங்க நீங்கதான் சார். நீங்க, அம்மா, இந்தக் காலனி மொத்தமும்.”

தாவரவியல் பேராசிரியருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தபடி நின்றார். விளக்கம் தேவைப்பட்டது முஜீபுக்கு.

“அண்ணே, புரியலையே.”

“தக்காளி விதை வயித்துல செரிக்காதுடா. முழுசா உள்ள போகும், முழுசா வெளிய போகும். போய் விழுந்த எடத்துல மொளைக்கும்.”

 “யா அல்லா!” என்று முஜீப் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான். அவன் வாய் கொப்பளித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

அற்புதசாமி கெட்டவர் இல்லை. அதுதான் விஷயத்தைச் சிக்கலாக்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எனக்குத் தெரியாது, மிஸ்டர் சவரிராயன். சத்தியமாக. ஆனால் இது வெளியே தெரிந்தால் வீடு வாங்கியவர்கள் எல்லாரும் தலைகுனிய வேண்டியிருக்கும். சங்கம் அடுத்த மாதம் கூடுகிறது. அப்போது பேசி, படிப்படியாக…”

“நாளைக்குக் கல்லைப் பேர்க்க வராங்களே?”

“அது உத்தரவு ஆகிவிட்டது. என் கையில் இல்லை.”

“லாக்கப்புல ஒருத்தன் இருக்கானே?”

“அதையும் பார்க்கலாம். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.”

“நான் உங்க ஆளா வந்தேன் சார். இனிமே இல்ல” என்றார் சவரிராயன். திரும்பிப் பார்த்தபோது பொன்னுத்தாயைக் காணோம். கடப்பாரையையும் காணோம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பாசி, விரால், தக்காளி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “கதை நல்லாருக்கு. திங்கக்கிழமை வாங்க” என்றார்.

வெளியே வந்து முஜீப் சொன்னான், “கண்டுபிடிச்சும் ஒண்ணும் ஆகலையேண்ணே.”

“கண்டுபிடிச்சா மட்டும் பத்தாதுடா. யாரு மூக்குல ஏறணுமோ அவங்க மூக்குல ஏறணும். விடியட்டும். கல்லைப் பேர்க்க வரவன் என்னைப் பேர்த்துட்டுத்தான் கல்லைத் தொடணும். நீயும் பக்கத்துல நில்லு.”

“நிக்கறேன். என்னைப் பேர்க்கறதுதான் கஷ்டம், எடை ஜாஸ்தி.”

மறுநாள் விடிந்ததும் இருவரும் பூஞ்சோலை நகர் போனார்கள். கல்லுக்குக் காவல் நிற்கத்தான் போனார்கள். காலனித் தெருவில் திரும்பியதும் முஜீப் சவரிராயனின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

பேங்க் மேனேஜர் ஒருவர் கையில் சொம்போடு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், கருவேலங்காட்டுப் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிளாஸ்டிக் மக்கோடு. அதற்குப் பின்னால் ஒரு வக்கீல், ஓட்டமும் நடையுமாக. வீட்டுக்கு வீடு வாசலில் நின்று பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டு ஃப்ளஷ் அவுட்டிலும் தண்ணீர் இறங்கவில்லை. இறங்காதது மட்டுமில்லை, ஏறிக்கொண்டிருந்தது. காலனி முழுக்க ஒரு வாடை.

“ஏறிடுச்சுண்ணே” என்றான் முஜீப். “நீங்க சொன்ன எடத்துல.”

மதிலுக்குக் கீழே கூட்டம். தக்காளிக் காட்டை மிதித்துத் துவைத்து வழி போட்டிருந்தது. குழாயின் வாயில் மண்மூட்டைகளை அடுக்கி, களிமண் குழைத்துச் சந்து பொந்தெல்லாம் பூசி, மேலே ஒரு பாறாங்கல்லை உருட்டிச் சாத்தியிருந்தார்கள். கல்லின்மேல் பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் கொள்ளிடத்திலிருந்து வந்த பெண்கள். நாத்தனார் மடியில் கடப்பாரை.

“எந்திரிம்மா, இது அநியாயம்!” என்று வக்கீல் கத்தினார். திரும்பி வந்த களைப்பு அவர் குரலில் தெரிந்தது.

“எது அநியாயம்? உங்களுது, உங்க வீட்டுல இருக்கு. எங்க மடுவுல வந்து இருந்துச்சே, அதுக்கு என்ன பேரு?”

“போலீஸைக் கூப்பிடுவோம்.”

“கூப்புடுங்க. எதுக்குக் கூப்புட்டீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?”

 என்ன சொன்னாலும் முதலில் குழாயைச் சொல்லியாக வேண்டும்.

அக்னஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு புருஷனிடம் வந்தார். சத்தம் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். அவ்வளவு பக்கத்தில் நின்ற முஜீபுக்கு மட்டும்தான் கேட்டது. “அடுத்த மாசம் கூடுற சங்கத்தை இப்பக் கூட்டுறீங்களா, இல்ல நான் எங்க அக்கா வீட்டுக்குப் போவட்டா?”

பேராசிரியர் சைக்கிள் ரிக்ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார். “ஸ்டேஷனுக்குப் போ” என்றார். சவரிராயன் தானும் ஏறிக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கு அன்றைக்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை. புகார் கொடுத்தவரே வேர்க்க விறுவிறுக்க வந்து நின்று, மீன் எதனால் செத்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யார் வீட்டுத் தொட்டி காலி என்பதையும் அவரே சொன்னார். முதலில் தன் வீட்டைச் சொன்னார்.

வெயில் ஏறுவதற்குள் ரிக்ஷா திரும்பி வந்தது. மதுரைவீரன் இறங்கினான். சட்டை கிழிந்திருந்தது, உதடு வீங்கியிருந்தது. நிமிர்ந்துதான் நடந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். பொன்னுத்தாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாள், உதட்டில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது.

காலனி ஒரு பெருமூச்சு விட்டது.

“அதான் வீட்டுக்காரர் வந்துட்டாரேம்மா” என்றார் பேங்க் மேனேஜர். “கல்லை எடு.”

“எதுக்கு?”

“அவரை விடணும்னுதானே அடைச்சே? விட்டாச்சு.”

“அப்படின்னு நான் சொன்னேனா?” பொன்னுத்தாய் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “இங்க நிக்கிற யாருகிட்டயாவது சொன்னேனா? அவரு தப்புப் பண்ணலை, வந்துட்டாரு. வரவேண்டியதுதான். இதை அவருக்காக அடைக்கலை. வாய்க்காலுக்காக அடைச்சிருக்கேன். நாளைக்கு மதகைத் தொறப்பாங்க, தண்ணி வரும். நாங்க இங்க வந்து இடுப்பளவு தண்ணில நிப்போம், எங்க புள்ளைங்க குளிக்கும், உங்க துணியும் இதுலதான் அலசுவோம். உங்க குழாய் உங்க தொட்டில சேர்ற வரைக்கும் இந்தக் கல்லு எந்திரிக்காது. நானும் எந்திரிக்க மாட்டேன்.”

 அப்போது கரைமேல் லாரி ஒன்று வந்து நின்றது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்கள் குதித்தார்கள். முன்னால் வந்தவன் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு கேட்டான்:

“இங்க எந்தக் கல்லுங்க பேர்க்கணும்?”

சவரிராயன் முன்னால் போகக் கால் எடுத்தார். முஜீபும் எடுத்தான். அவர்களுக்கு முன்னால் அற்புதசாமி போய்விட்டார். கையைத் தூக்கி, துறையை அல்ல, மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டினார்.

“என் வீட்டுக் கொல்லையில் தோண்ட வேண்டும். குழாயைத் தேடி எடுத்துத் தொட்டியில் சேருங்கள். பிறகு பக்கத்து வீடு. அதற்குப் பிறகு அதற்குப் பக்கத்து வீடு. உங்கள் ஆபீஸில் நான் பேசிக்கொள்கிறேன். வாருங்கள்.”

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் பின்னால் ஏறிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால் கடப்பாரை சிமெண்டில் இறங்குகிற சத்தம் கேட்டது.

“போலாமா?” என்றான் மதுரைவீரன், பெண்டாட்டியிடம். “கொள்ளிடத்துல துணி காயுது.”

பொன்னுத்தாய் கல்லின்மேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காருங்க. இப்பத்தானே மொத வீட்டுல தோண்டுறாங்க.”